பெயர் வாங்கிய ஆட்டம்: ஃபிஃபா கால்பந்து நிகழ்பட ஆட்டத் தொடரின் முப்பதாண்டு வரலாறு

ஃபிஃபா என்பது பல நாடுகளின் கால்பந்துச் சங்கங்களை உறுப்பினராகக் கொண்ட பன்னாட்டுக் கூட்டமைப்பு. 1904-ஆம் ஆண்டு பாரிசில் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு இன்று சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலிருந்து இயங்குகிறது. உலகக் கோப்பையை நடத்துவது இதுவே. ஆயினும் 1990-களிலும் அதற்குப் பின்னும் வளர்ந்த இளைஞர் பலருக்கு ‘ஃபிஃபா’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்த அமைப்பு அன்று, வீடியோ கேம்தான். அமெரிக்க நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (சுருக்கமாக ஈ.ஏ.) 1993 முதல் 2022 வரை இப்பெயரில் முப்பது முதன்மைப் பதிப்புகளை வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டளவில் இத்தொடரின் விற்பனை 32.5 கோடிப் படிகளைக் கடந்திருந்தது. விளையாட்டுகளை அடிப்படையாகக் கொண்ட நிகழ்பட ஆட்டத் தொடர்களில் இதற்கு இணையாக விற்றது வேறில்லை.

அப்படிப்பட்ட தொடர் 2023-இல் தன் பெயரையே உதறிவிட்டது. இந்தத் தொடரின் வரலாற்றைக் கணினி வரைகலையின் வளர்ச்சியாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மறு பாதி பெயர்களைப் பற்றியது: அமைப்பின் பெயர், கழகங்களின் பெயர், வீரர்களின் பெயர், அவற்றை யார் யாருக்கு விற்றார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்பது.

பெயர் முதலில் வந்தது

1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய இளைஞர் கணினியில் ஆடிய கால்பந்து ஆட்டங்கள் பெரும்பாலும் களத்தை நேர் மேலிருந்து காட்டுபவை. டினோ டினி உருவாக்கிய ‘கிக் ஆஃப்’ (1989), அதன்பின் வந்த ‘சென்சிபிள் சாக்கர்’ (1992) இரண்டும் அப்படித்தான். பின்னதில் வீரர்கள் எறும்பு அளவுக்குத்தான் தெரிவார்கள். ஆனால் ஆட்டம் மின்னல் வேகம். இங்கிலாந்தில் இவற்றுக்கு அசைக்க முடியாத செல்வாக்கு இருந்தது.

ஈ.ஏ. அப்போது அமெரிக்கக் கால்பந்துக்கும் பனி வளைகோல் பந்தாட்டத்துக்கும் பெயர் பெற்றிருந்தது. ஒரு புகழ்பெற்ற பயிற்சியாளரின் பெயரை வாங்கி ‘ஜான் மேடன் ஃபுட்பால்’ என்ற ஆட்டத்தை 1988-லேயே வெளியிட்டிருந்த நிறுவனம் அது. விளையாட்டு ஆட்டத்தில் பெயருக்கு விலை உண்டு என்பதை அங்கேயே கற்றுக்கொண்டிருந்தது. உலகம் கால்பந்து என்று அழைக்கும் விளையாட்டின்மீது அமெரிக்கத் தலைமையகத்துக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஐரோப்பியக் கிளையினர்தான் இதை வற்புறுத்தினர். கனடாவில் வான்கூவரை ஒட்டிய பர்னபி நகரக் கலையகம் அதைக் கட்டியெழுப்பியது. 1994 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடக்கவிருந்தது. ஃபிஃபாவின் பெயரைப் பயன்படுத்தும் உரிமமும் கைக்கு வந்தது. 1993-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ சேகா மெகா டிரைவ் கருவிக்கு வெளியானது.

அதன் புதுமை கேமராவின் இருப்பிடத்தில் இருந்தது. களத்தை நேர் மேலிருந்தும் காட்டாமல் பக்கவாட்டிலிருந்தும் காட்டாமல், ஒரு மூலையின் உயரத்திலிருந்து சாய்வாகக் காட்டினார்கள். வீரர்களின் உடலசைவு கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. தொலைக்காட்சியில் போட்டி பார்க்கும் உணர்வு முதன்முதலாகக் கிட்டியது.

வேடிக்கை என்னவென்றால், உலகக் கால்பந்தின் தலைமை அமைப்பு தன் பெயரைக் கொடுத்திருந்த அந்த ஆட்டத்தில் ஓர் உண்மையான வீரரின் பெயர்கூடக் கிடையாது. இருந்தவை தேசிய அணிகள் மட்டுமே. ஆடியவர்கள் அத்தனை பேரும் கற்பனைப் பெயர் கொண்டவர்கள். பிரேசில் அணியின் நட்சத்திரம் ஜான்கோ தியானோ. அப்படியொருவர் எந்தக் களத்திலும் ஆடியதில்லை. நிரலாளர்களில் ஒருவரான ஜான் தியானின் பெயரைத் திருகிப் படைக்கப்பட்டவர் அவர். இதையெல்லாம் யாரும் குறையாக நினைக்கவில்லை. முரட்டு ஆட்டத்துக்காக நடுவர் அட்டை காட்ட வரும்போது அவரிடம் பிடிபடாமல் களம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கலாம். எதிரணிக் கோல்காப்பாளர் பந்தை உதைக்கும் நேரத்தில் அவர் முன்னால் போய் நின்றால் பந்து மேலே பட்டு வலைக்குள் போய்விடும். அந்தக் காலத்தில் ஆடியவர்கள் இன்றும் முதலில் நினைவுகூர்வது இந்த இரண்டு ஓட்டைகளைத்தான்.

வீரர் பெயர் யாருடையது?

அடுத்த பதிப்பான ‘ஃபிஃபா 95’ கழக அணிகளைச் சேர்த்தது. ‘ஃபிஃபா 96’-இல்தான் உண்மையான வீரர்கள் உண்மையான பெயருடன் வந்தார்கள். அந்தப் பெயர்களைக் கொடுத்தது ஃபிஃபா அன்று, ஃபிஃப்ப்ரோ. ஒலிப்பில் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு. ஃபிஃப்ப்ரோ என்பது தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் பன்னாட்டுத் தொழிற்சங்கம், 1965-இல் தோன்றியது. வீரர்களின் பெயரையும் உருவத்தையும் மொத்தமாக உரிமம் கொடுக்கும் ஏற்பாடு அதனிடம் இருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் 2022-இல் நடந்த பிரிவுக்கான விதை இங்கேதான் இருக்கிறது. ஒரு கால்பந்து ஆட்டத்தை உண்மைபோல் காட்டுவதற்கு வேண்டிய உரிமங்கள் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. வீரரின் பெயருக்கு ஒருவரிடம் போக வேண்டும். கழகத்தின் சின்னத்துக்கும் சட்டைக்கும் கழகத்திடமோ அது ஆடும் லீக்கிடமோ போக வேண்டும். சாம்பியன்ஸ் லீக் வேண்டுமானால் ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ-விடம் கேட்க வேண்டும். ஃபிஃபா விற்கக்கூடியவை இரண்டுதான்: அந்த நான்கெழுத்துப் பெயரும், உலகக் கோப்பையும். முதலாவது ஆண்டுதோறும் அட்டையில் அச்சாகும். இரண்டாவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும்.

தொழிற்சங்கம் கொடுத்த உரிமமும் எப்போதும் போதுமானதாக இருக்கவில்லை. ஜெர்மனியின் கோல்காப்பாளர் ஆலிவர் கான், 2002 உலகக் கோப்பை ஆட்டத்தில் தன் அனுமதியின்றித் தன் பெயரும் உருவமும் பயன்படுத்தப்பட்டதாக ஈ.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். 2003-இல் ஹாம்பர்க் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிரேசிலில் வீரர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே உரிமை பெற வேண்டியிருந்த சிக்கலால் ‘ஃபிஃபா 15’-இல் பிரேசில் லீக்கின் கழகங்கள் இடம்பெறவில்லை. 2020 நவம்பரில் ஸ்வீடன் வீரர் ஸ்லாட்டன் இப்ராகிமோவிச், தன் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த யார் அனுமதி தந்தது என்று டுவிட்டரில் வெளிப்படையாகவே கேட்டார். கேள்வி எளிது, பதில் சங்கங்கள், கழகங்கள், முகவர்கள் என்று பல கைகளைக் கடந்து போகும் ஒன்று.

ஆட்டத்தின் தோற்றமும் இதே காலத்தில் மாறியது. ‘ஃபிஃபா 96’ முப்பரிமாணக் களத்தையும், பிபிசி வர்ணனையாளர் ஜான் மோட்சனின் குரலையும் கொண்டுவந்தது. ‘ஃபிஃபா 97’-இல் வீரர்களின் உடல்களும் முப்பரிமாணம் ஆயின. பிரெஞ்சு வீரர் டேவிட் ஜினோலாவின் அசைவுகளைப் பதிவுசெய்து அவற்றை உருவாக்கினார்கள். 1997-இல் வந்த ‘ரோடு டு வேர்ல்ட் கப் 98’-ஐ இத்தொடரின் முதல் பெரும் சாதனை எனலாம். 172 தேசிய அணிகள் அதில் இருந்தன. தகுதிச் சுற்றின் முதல் படியிலிருந்து ஏறி வரலாம் என்பதால், உலகக் கோப்பையை எட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத நாடுகளின் பிள்ளைகளும் தங்கள் அணியை அங்கே கொண்டுசேர்க்க முடிந்தது. ஃபிஃபா என்ற பெயருக்கு முழுப் பொருள் இருந்த பதிப்பு இது ஒன்றே என்று சொன்னாலும் மிகையில்லை. தொடக்கத்தில் ஒலித்த பிளர் இசைக்குழுவின் பாடல், ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பாடல்கள் வரும் என்ற எதிர்பார்ப்பை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டது.

பெயரில்லாப் போட்டியாளர்

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1995-இல் ‘வின்னிங் லெவன்’ என்ற தொடரைத் தொடங்கியது. ஐரோப்பாவில் அது பல பெயர்களில் உலவி, 2001 முதல் ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ என்று நிலைபெற்றது. ஷிங்கோ தகாட்சுகா என்பவர் அதன் நெடுநாள் பொறுப்பாளர்.

ஈ.ஏ.-விடம் இருந்த எதுவும் கொனாமியிடம் இல்லை. லிவர்பூல் அணிக்கு ‘மெர்சிசைடு ரெட்’ என்று பெயர். செல்சி ‘லண்டன் எஃப்.சி.’ ஆனது. ராபர்ட்டோ கார்லோஸ் ‘ராபர்ட்டோ லார்கோஸ்’ என்ற பெயரில் இடப்பக்கம் ஓடினார். ரயன் கிக்ஸ் ‘கிரெக்ஸ்’ ஆனார். நெதர்லாந்து வீரர்களுக்கு அந்தப் பேறும் வாய்க்காமல் ‘ஆரஞ்சஸ்’ என்ற சொல்லோடு வரிசை எண் மட்டும் ஒட்டப்பட்ட காலம் உண்டு. 2003-இல் வந்த மூன்றாம் பதிப்பின் அட்டையில் நின்றவர் எந்த வீரரும் அல்லர். இத்தாலிய நடுவர் பியர்லூய்ஜி கொல்லினா.

இருந்தும் கால்பந்தை நன்கு அறிந்தவர்கள் கொனாமியின் பக்கம் போனார்கள். காரணம் பந்து. அந்நாளைய ஃபிஃபாவில் பந்து வீரரின் காலில் ஒட்டிக்கொண்டது போல் இருக்கும். ஓடு, கடந்து போ, அடி என்பதே ஆட்டம். கொனாமியின் களத்தில் பந்து தனிப்பொருள். தவறான காலில் வந்த பந்தை அடித்தால் தவறியே போகும். வேகமான வீரரும் மெதுவான வீரரும் கையில் வேறாக உணரப்படுவார்கள். முடிவில் சமநிலை வந்தால் அதை நேர்மையான சமநிலையாக ஏற்க முடியும். போலிப் பெயர்களை ஆடுபவர்களே சரிசெய்துகொண்டார்கள். ஆட்டத்துக்குள் இருந்த திருத்தும் வசதியில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பெயர்களைக் கையால் மாற்றி, அந்தக் கோப்புகளை நினைவக அட்டைகளிலும் இணையத்திலும் பகிர்ந்தவர்கள் உண்டு. கூலியில்லாத இந்த உழைப்பு ஆண்டுதோறும் நடந்தது. உரிமம் வாங்கிய ஆட்டத்தைவிட உரிமம் இல்லாத ஆட்டத்தின்மீது அவர்களுக்கு இருந்த பற்று அப்படிப்பட்டது.

2006-இல் வந்த ஆறாம் பதிப்பை அத்தொடரின் உச்சமாக இன்றும் பலர் கருதுகின்றனர்.

பந்து விடுதலையான காலம்

கன்சோல்களின் தலைமுறை மாறியபோது நிலை தலைகீழானது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கு ஏற்ப மாறுவதில் கொனாமி தடுமாறியது. பிளேஸ்டேஷன் 3-இல் அதன் 2008 பதிப்பு திணறித் திணறி ஓடியது. பர்னபி கலையகமோ புதிய கருவிகளுக்கு அடித்தளத்திலிருந்தே வேறொரு ஆட்டத்தை எழுதியது. தன் ஆட்டம் விற்கிறது, ஆனால் மதிக்கப்படவில்லை என்பதை அங்கிருந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. 2007 முதல் 2012 வரை வந்த பதிப்புகள் ஒவ்வொன்றும் போட்டியாளரின் பலத்தைக் கற்றுக்கொண்ட பாடமாக இருக்கின்றன.

அதுவரை வீரர்கள் எட்டுத் திசைகளில் மட்டுமே ஓடினார்கள். ‘ஃபிஃபா 10’ (2009) அதை உடைத்து எந்தக் கோணத்திலும் பந்தைக் கொண்டுசெல்ல விட்டது. ‘ஃபிஃபா 12’-இல் உடல் மோதல்களை இயற்பியல் விதிப்படி கணிக்கும் பொறி வந்தது. முன்பு மோதல் என்பது ஏற்கெனவே பதிந்துவைத்த அசைவை ஓட்டிக்காட்டுவது. இப்போது எந்தத் தோள் எந்த வேகத்தில் இடித்தது என்பதைப் பொறுத்து வீரர் விழுந்தார். தொடக்கத்தில் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சிக்கி முடிச்சுப்போட்டுக் கிடந்த காட்சிகள் இணையத்தில் பெருஞ்சிரிப்பை வரவழைத்தன. பொத்தானை அழுத்திப் பிடித்தால் எதிராளியிடமிருந்து பந்து தானே வந்துவிடும் என்ற பழைய தடுப்பு முறையும் அப்பதிப்போடு மாறியது. பொறுத்திருந்து இடைவெளியை அடைக்கக் கற்க வேண்டியதாயிற்று. ‘ஃபிஃபா 13’-இல் வரும் பந்தை முதல் தொடுகையில் அடக்குவதே ஒரு திறமையானது. பெயரும் ஆட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்த பின் போட்டி ஏறக்குறைய முடிந்துபோனது.

வீரர்களின் திறன் மதிப்பெண்களும் இக்காலத்தில் தனிப் புகழ் பெற்றன. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வப் பார்வையாளர்கள் தத்தம் பகுதி அணிகளைக் கவனித்து அனுப்பும் குறிப்புகளிலிருந்து இவை தொகுக்கப்படுகின்றன. ஓட்ட வேகம் குறைத்துப் போடப்பட்டதாக உண்மை வீரர்களே ஆண்டுதோறும் முறையிடும் அளவுக்கு இந்த எண்களுக்கு மதிப்பு வந்துவிட்டது.

சீட்டுப் பொதிகள்

2009 மார்ச்சில் ‘ஃபிஃபா 09’-க்குக் கூடுதல் இணைப்பாக ‘அல்டிமேட் டீம்’ என்ற பிரிவு வெளியானது. ஈ.ஏ.-வின் சாம்பியன்ஸ் லீக் 2006–2007 ஆட்டத்தில் முன்பே முயன்று பார்த்த ஏற்பாடுதான். ஆடுபவர் வீரர் சீட்டுகளைச் சேர்த்துத் தனக்கென ஓர் அணியை அமைக்க வேண்டும். சீட்டுகள் மூடிய பொதிகளில் வரும். உள்ளே யார் இருக்கிறார் என்பது திறந்த பின்தான் தெரியும். ஆடி ஈட்டிய நாணயத்தில் பொதி வாங்கலாம், உண்மைப் பணத்திலும் வாங்கலாம். ஆண்டு முடிந்து அடுத்த பதிப்பு வந்தால் சேர்த்த அணி அங்கே வராது. வெறுங்கையோடு மறுபடி தொடங்க வேண்டும்.

தொடக்கத்தில் விலை வைத்து விற்கப்பட்ட இப்பிரிவு விரைவில் ஆட்டத்தோடு இலவசமாகவே இணைக்கப்பட்டது. நுழைவு இலவசமானபின் வருமானம் பொதிகளில் இருந்தது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஈ.ஏ. தன் ஆட்டங்களின் அல்டிமேட் டீம் பிரிவுகளில் ஈட்டியது 160 கோடி டாலருக்கு மேல். நிறுவனத்தின் மொத்த வருவாயில் கால் பங்கைத் தாண்டிய இத்தொகையின் பெரும்பகுதி கால்பந்திலிருந்து வந்தது. ஒருகாலத்தில் ஃபிஃபா தொடரின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ வில்சன் 2013-இல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானதும் இந்தப் பின்னணியில் பார்க்கத்தக்கது.

எதிர்ப்பும் வளர்ந்தது. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாதா என்பதே கேள்வி. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் ஆட்டங்களிலுள்ள இத்தகைய கட்டணப் பொதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அறிவித்தது. 2019 ஜனவரி இறுதியில் ஈ.ஏ. அந்நாட்டில் அவற்றைப் பணத்துக்கு விற்பதை நிறுத்தியது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை 2022-இல் அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் நீக்கிவிட்டது. பொதி திறப்பது தனியொரு விளையாட்டு அன்று, பெரிய திறன் ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பது அதன் கருத்து. பிரிட்டனில் 2019-இல் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றே வாரங்களில் 550 பவுண்டு செலவழித்து வீட்டின் வங்கிக் கணக்கைக் காலியாக்கிய செய்தியைப் பிபிசி வெளியிட்டது. அதே ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் ஈ.ஏ.-வின் சட்டப்பிரிவு அதிகாரி, இவற்றைத் தாங்கள் ‘வியப்பூட்டும் பொறிமுறை’ என்றே பார்ப்பதாகக் கூறி, உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டையோடு ஒப்பிட்டார். குழு அதை ஏற்கவில்லை. இத்தகைய பொதிகளைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. முட்டையை வாங்கும் குழந்தைக்குச் சாக்லேட்டாவது மிஞ்சும்.

பணம் எங்கே சேர்கிறது என்பதற்கு ஏற்ப ஆட்டத்தின் உழைப்பும் சாய்ந்தது. ஒரு கழகத்தை ஆண்டாண்டாக நடத்தும் மேலாளர் பிரிவு கவனிப்பாரற்றுப் போனதாகப் பழைய ரசிகர்களுக்கு இன்றும் வருத்தம் உண்டு. ‘ஃபிஃபா 17’-இல் அலெக்ஸ் ஹண்டர் என்ற கற்பனை இளைஞனின் வாழ்க்கையை ஒரு நாடகமாக ஆடவைத்தார்கள். மூன்று பதிப்புகளோடு அது முடிந்தது. நிலைத்து நின்ற மாற்றம் பெண்கள் கால்பந்து. ‘ஃபிஃபா 16’-இல் 12 தேசிய மகளிர் அணிகள் வந்தன. மகளிர் கழகங்களுக்கு ‘ஃபிஃபா 23’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ஃபிஃபா 22’-இல் இந்தியன் சூப்பர் லீக் சேர்க்கப்பட்டதால் சென்னையின் எஃப்.சி. அணியையும் உண்மைப் பெயரோடும் நீலச் சட்டையோடும் ஆட முடிந்தது. இதற்கும் ஃபிஃபா அமைப்புக்கும் தொடர்பில்லை. லீக்குடன் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

பெயரைக் கழற்றியது

மகளிர் அணிகள் பற்றிய அறிவிப்பு வெளியானது 2015 மே 28. அதற்கு முந்தைய நாள்தான் ஃபிஃபாவின் உயர் அலுவலர்கள் சிலர் ஊழல் குற்றச்சாட்டில் சூரிக்கில் விடியற்காலையில் கைது செய்யப்பட்டிருந்தார்கள். உலக நாளேடுகள் முழுக்க அந்த நான்கெழுத்துப் பெயர் இழிவாக அடிபட்ட ஆண்டிலும் அதே பெயர் தாங்கிய ஆட்டம் வழக்கம்போல் விற்றது. மக்கள் வாங்கியது எதை என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

2013-இல் நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தம் 2022 இறுதிவரை செல்லும். 2021 அக்டோபரில், பெயரை மாற்றுவது பற்றி ஆராய்ந்து வருவதாக ஈ.ஏ. அறிவித்தது. அதுவரை கொடுத்துவந்த தொகையைப்போல இரு மடங்குக்கும் மேலாக, நான்கு ஆண்டுச் சுழற்சி ஒன்றுக்கு 100 கோடி டாலருக்கு மேல் ஃபிஃபா கேட்டதாகவும், பெயரை வேறு ஆட்டங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பியதாகவும் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. 2022 மே 10 அன்று பிரிவு உறுதியானது. 19,000-க்கு மேற்பட்ட வீரர்கள், 700-க்கு மேற்பட்ட அணிகள், 30-க்கு மேற்பட்ட லீக்குகள் ஆகியவற்றின் உரிமங்கள் தன்னிடமே தொடரும் என்று ஈ.ஏ. கூறியது, அவற்றில் பெரும்பாலானவை ஃபிஃபா வழியே வந்தவை அல்ல என்பதால் அதைச் சொல்ல முடிந்தது. ஃபிஃபாவின் பெயர் உள்ள ஆட்டமே உண்மையான ஆட்டம் என்று அமைப்பின் தலைவர் ஜானி இன்ஃபான்டினோ மறுமொழி சொன்னார்.

2023 செப்டம்பர் 29 அன்று ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 24’ வெளியானது. களம், வர்ணனை, லீக்குகள், அல்டிமேட் டீம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. உலகக் கோப்பை மட்டும் இல்லை. கொனாமியின் கதை வேறு விதமாகத் திரும்பியிருந்தது. 2021-இல் அது தன் புகழ்பெற்ற பெயரைத் தானே விட்டுவிட்டு ‘ஈஃபுட்பால்’ என்ற இலவச ஆட்டமாக மாறியது. முதல் பதிப்பு கோணல்மாணலான முகங்களோடு வெளிவந்து கேலிக்கு ஆளானது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2024-இல் ஃபிஃபா தன் மின்விளையாட்டு உலகக் கோப்பையை நடத்தத் தேர்ந்துகொண்டது அந்த ஈஃபுட்பாலைத்தான். உரிமம் இல்லாமல் ராபர்ட்டோ லார்கோசை ஆடவைத்த நிறுவனத்தின் தேடி அந்தப் பெயர் தானாக வந்தது.

எஃப்.சி. 24 வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன், விற்பனையில் இருந்த பழைய ஃபிஃபா பதிப்புகளை ஈ.ஏ. இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. முன்பே வாங்கியவர்கள் ஆடலாம்; புதிதாக வாங்க முடியாது. அப்பதிப்புகள் இன்று பழைய பொருள் கடைகளில் வட்டுகளாகவே கிடைக்கின்றன.